முல்லைக்கொடிக்குத் தேர் கிடைத்தது, நமக்கு?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், சுண்டல் தீர்ந்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கிற ஊர் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு என்ன? சக மனிதர் மேல் நம்பிக்கையைத் தருவது பெரிய தியாகங்களா, சின்னச் சின்ன உதவிகளா. எதிரணித் தலைவர் 15 நிமிடம் பேசினார். பாரி தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று ஆரம்பித்து, ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக இருந்து சம்பளத்தை அப்படியே தானம் செய்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயா வரைக்கும் வந்துவிட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டும்போதே மனசுக்குள் ஒன்று ஓடியது: "அவர் மகான்யா, நம்மால முடியுமா?" இதைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன் நடுவர் அவர்களே. பெரிய தியாகத்தைப் பார்த்ததும் அந்த ஒருவரைத் தூக்கி உயரத்தில் வைத்துவிடுகிறோம், பக்கத்து சீட்டுக்காரர் மேல் இருக்கிற சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. பாரியை நம்பி நான் என்ன பண்ணுவது? தேர் முல்லைக்கொடிக்குப் போய்விட்டது. எனக்குச் சென்னை 29சி பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் போதும்.

அந்த 29சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறரை மணி, மூச்சு விட இடமில்லை, கண்டக்டர் பின்னால் தன் சீட்டை விட்டு அசைய மாட்டார். முன்னால் ஏறியவர் 100 ரூபாய் நோட்டை நீட்டி "பெரம்பூர் ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்கிறார். நோட்டு எட்டுக் கை மாறிப் போகிறது, டிக்கெட்டும் சில்லறையும் அதே எட்டுக் கை வழியாகத் திரும்பி வருகிறது, வாங்கியவர் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் சொந்தத் தம்பியிடம் 100 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், பாக்கி வருகிறதா பார்ப்போம்! அப்புறம், முதுகில் மூட்டை மாதிரி புத்தகப் பையோடு ஒரு பிள்ளை நின்றால், உட்கார்ந்திருக்கிற அம்மா பேர் ஊர் எதுவும் கேட்காமல் "குடு பாப்பா" என்று பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

எதிரணிச் சகோதரி கேட்டார், உதவி செய்கிற மாதிரி வந்துதான் ஏடிஎம்மில் கார்டை மாற்றிவிட்டுப் போகிறான், இதில் எங்கே நம்பிக்கை என்று. நியாயமான கேள்வி. நானும் அடிபட்டவன்தான். ஏலச்சீட்டு நடத்திய, தெருவே அக்கா என்று கூப்பிட்ட ஒருவர், என் 40,000 ரூபாயோடு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். ரொம்ப நாள், யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எவ்வளவு கேட்கப் போகிறாரோ என்றுதான் தோன்றும். ஆனால் சகோதரி, கள்ள நோட்டு அடிக்கிறவன் எதை அடிக்கிறான்? 500 ரூபாயை அடிப்பான், எங்கேயும் செல்லாத தாளை அடிக்க மாட்டான். திருடன் உதவி வேஷம் கட்டுகிறான் என்றால், அந்தச் சரக்கு ஊரில் இன்னும் செல்லுபடியாகிறது என்றுதானே அர்த்தம்!

2015 சென்னை வெள்ளத்தையும் எதிரணி விடவில்லை. மீனவர்கள் படகோடு வந்து உயிர்களைக் காப்பாற்றினார்களே, அது பெரிய தியாகம் இல்லையா என்றார்கள். பெரிதுதான், அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கண்டதைச் சொல்கிறேன். டிசம்பர் 1, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. இரண்டு நாள் கழித்து மேற்குத் தாம்பரத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடக்கிறேன், கரண்ட் இல்லை, போன் செத்துப் போயிருந்தது. தண்ணீர் டீ நிறத்தில் நிற்கிறது, எது ரோடு எது பள்ளம் என்று தெரியவில்லை. நடுரோட்டில் ஒரு முருங்கைக் கிளை நிற்கிறது, நுனியில் கிழிந்த சிவப்புப் பாவாடைத் துணி. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே மூடி போன சாக்கடைக் குழி. யாரோ அதில் கால் விட்டிருக்கிறார், இல்லை விடப் பார்த்திருக்கிறார். தப்பித்தோம் என்று போகாமல், கிளையை ஒடித்து, துணி தேடிக் கட்டி, குழிக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். யார் அவர்? தெரியாது. தெரியாததுதான் விஷயமே நடுவர் அவர்களே! பேர் தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும் பழையபடி சந்தேகமாகவே பார்த்திருப்பேன். தெரியாததால், எதிரே வந்த லுங்கிக்காரராக இருக்கலாம், மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பையனாக இருக்கலாம், யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று தோன்றியது. சீட்டுக்கார அக்கா கொண்டுபோனதில் பாதி அன்றைக்குத் திரும்பி வந்தது. பணத்தைச் சொல்லவில்லை, அது போனது போனதுதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள், இரண்டு கல் நட்டு மேலே குறுக்கே ஒரு கல். (இப்போது அதில் விளம்பரம் எழுதுகிறார்கள், அதை விடுங்கள்.) தலையில் விறகுக்கட்டோடு போகிறவருக்கு இறக்கவும் ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஒரு ஆள் வேண்டும். கல் தோள் உயரத்தில் இருப்பதால் தானே சரித்து வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தானே ஏற்றிக்கொண்டு போகலாம். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பல ஊர்களில் அதை வைத்தார்கள். அவள் சுமை இறங்காமலே போய்விட்டாள், வழியில் போகிற எவரோ ஒருவருடையதாவது இறங்கட்டும் என்று.

மணி அடிக்கிறீர்கள், சரி, முடிக்கிறேன். எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி. ஐயா, நீங்கள் வரும்போது கையில் ஒரு தோல் பை இருந்தது. போன், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான் இருக்கும். மூன்றாவது வரிசையில் பச்சைச் சட்டை போட்டவரிடம் "கொஞ்சம் பார்த்துக்கங்க தம்பி" என்று கொடுத்துவிட்டு மேடை ஏறினீர்கள், நான் பார்த்தேன். அவர் உங்களுக்குச் சொந்தமா? தெரிந்தவரா? இல்லை என்று தலையாட்டுகிறார் நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, பை பத்திரம். ஐயா தீர்ப்புக்கு அப்புறம்தான் இறங்குவார். நன்றி, வணக்கம்.