பத்து சென்ட் கணக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கேரளத்து கே.ஆர்.கௌரியம்மாவின் அரசியல் வாழ்க்கை சாதனையா, ஏமாற்றமா?" என்பது தலைப்பு. ஏமாற்றமே என்று பேசிய எதிரணித் தங்கை என்னையே கொஞ்சம் கலங்க வைத்துவிட்டார். 1987 தேர்தலில் தென்னை செழித்த கேரளத்தைக் கே.ஆர்.கௌரி ஆள்வார் என்று ஊர் ஊராக முழங்கினார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தது இ.கே.நாயனார். 1994இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டே நீக்கினார்கள். 2021இல் 101 வயதில் கண்ணை மூடும்வரை கேரளம் ஒரு பெண் முதல்வரைப் பார்க்கவில்லை. தங்கை சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வரியைக்கூட மறுக்கமாட்டேன்.

ஆனால் தங்கச்சி, நாற்காலியை மட்டும் எண்ணிக்கொண்டு இருந்துவிட்டாயே. குடிசையை யார் எண்ணுவது?

நான் மார்த்தாண்டத்துக்காரி. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்களுக்கு 'குடிகிடப்பு' என்றால் விளக்கம் வேண்டாம். ஜன்மியின், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரரின், தோப்பில் ஒரு ஓலைக் குடிசை. முற்றத்தில் தேங்காய் விழுந்தால் அது ஜன்மிக்கு. அவர் கூப்பிட்டால் ராத்திரி என்றாலும் போக வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே கூரையைப் பிரித்து, சட்டி பானையைத் தெருவில் வைத்துவிடுவார்கள். கேட்க ஆள் கிடையாது.

1957 ஏப்ரல் 5ஆம் தேதி கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. வருவாய்த் துறை அமைச்சர் கௌரியம்மா, ஈழவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலுக்குப் படித்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பதவிக்கு வந்த ஆறாவது நாள், ஏப்ரல் 11, குடியிருப்பவரையும் குத்தகைக்காரரையும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கு மந்திரியானால் ஆறு நாளில் மாலைகூட வாடியிருக்காது! எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 1956 நவம்பரில், தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தது. அந்தச் சட்டம் எங்கள் பாட்டி வீட்டு எல்லைக்கு வரவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான், ஆனால் அது வேறு பட்டிமன்றம்.

அப்புறம் நிலச் சீர்திருத்த மசோதா. 1959 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஜூலை 31ஆம் தேதி அமைச்சரவையே கலைக்கப்பட்டது. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். 1967இல் மறுபடி அதே வருவாய்த் துறைக்கு வந்தார். இதற்குள் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்து, அவர் ஒரு பக்கம், கணவர் டி.வி.தாமஸ் மறு பக்கம். இரண்டு பேரும் ஒரே அமைச்சரவையில் மந்திரிகள்! வீட்டில் அப்படி ஒரு விரிசலோடு கோப்பு பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1969இல் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார். 1970 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தபோது அவர் மந்திரி இல்லை, ஆட்சி மாறியிருந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் உரிமை. ஆலப்புழைப் பக்கம் ஜனங்கள் தாங்களே வேலி கட்டிக்கொண்டார்கள். முற்றத்துத் தேங்காய் அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணுக்கு!

தங்கை விடமாட்டார், எனக்குத் தெரியும். பெரிய தோட்டங்களைச் சட்டம் தொடவில்லையே, வயலில் உழைத்த தலித் மக்களுக்குப் பத்து சென்ட் கிடைத்ததே தவிர வயல் கிடைத்ததா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். முழுசாக முடிந்த வேலை என்று நான் சொல்லவில்லை.

சரி, கடைசியாக ஒன்று. கட்சி கைவிட்ட பிறகு அவர் ஓய்ந்துபோனார் என்றாரே, 1996க்கு வாருங்கள். ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பித் தர 1975இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். இருபது வருஷம் கிடப்பில் கிடந்தது. அதை அமல்படுத்துவதற்குப் பதிலாக நீர்த்துப்போகச் செய்யத் திருத்த மசோதா வந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே குரல். 140 பேர் கொண்ட சட்டமன்றத்தில் எதிர்த்தவர் ஒரே ஒருவர், எழுபத்தேழு வயது கௌரியம்மா. பதவி இல்லை, பெரிய கட்சி இல்லை. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தரவில்லை.

அன்றைக்கு முதல்வர் நாற்காலியில் இருந்தவர் யார் தெரியுமா தங்கச்சி? அதே நாயனார்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்கார்ந்துவிடுகிறேன்.