ஒரு வீட்டில் மட்டும் திறக்காத இணையதளம்

நேயர்களுக்கு வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அத்தை, மாலையில் விளக்கேற்றியதும் தமிழகத்து மின்னூலகத் தளம் ஒன்றைத் திறந்து பழைய நூல்களை வாசிப்பார். ஒரு நாள் அந்தத் தளம் அவருடைய வீட்டில் மட்டும் திறக்கவில்லை. மற்ற தளங்களெல்லாம் வழக்கம்போல் வந்தன. நூலகத்தையே மூடிவிட்டார்களோ என்று அவர் கவலைப்பட்டுத் தொலைபேசியில் கேட்டபோது, எபேனில் என் அலுவலகத்திலிருந்து நான் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன், நொடியில் வந்தது. ஆகவே தளம் நன்றாகத்தான் இருக்கிறது, அத்தையின் கணினியிலோ, அதற்கும் தளத்துக்கும் இடையிலுள்ள வழியிலோதான் எங்கோ தடை என்பது உறுதியாயிற்று.

இத்தகைய நேரத்தில் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதைவிட, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்று, அதே கணினியை வைஃபையிலிருந்து விலக்கி, என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். தளம் திறந்தது. கணினியும் உலாவியும் மாறவில்லை, வலையமைப்பு மட்டுமே மாறியது. எனவே கணினியின் மீது இருந்த சந்தேகம் நீங்கிவிட்டது. கைபேசியிலேயே சோதிப்பவர்கள் வைஃபையை முழுவதும் அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, தளத்தின் பெயர் சரியான எண்ணாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் எழுதும் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் அமைப்பு. 1983இல் உருவான இந்த ஏற்பாட்டில், உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் பழைய எண்ணை நினைவில் வைத்திருந்தால், தளம் வேறு சேவையகத்துக்கு மாறிய பின்னும் நீங்கள் பழைய இடத்தின் கதவையே தட்டிக்கொண்டிருப்பீர்கள். கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்ற முகவரியை டிஎன்எஸ் ஆக வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அத்தை வீட்டில் நிறுவனத்தின் டிஎன்எஸும் இந்தப் பொது டிஎன்எஸும் ஒரே எண்ணைத்தான் தந்தன; ஆகவே குறை இங்கும் இல்லை.

கடலடிக் கம்பிவடம் பழுதோ என்று அத்தை கேட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ரியூனியன், மொரீஷியஸ், இந்தியா வழியாக மலேசியா வரை செல்லும் சேஃப் வடம் 2002 முதல் இயங்குகிறது. அப்படிப்பட்ட வடம் பழுதானால் பல தளங்கள் சேர்ந்து தடுமாறுமே தவிர, ஒரு தளம் மட்டும் ஒரு வீட்டில் நிற்காது.

அடுத்த சோதனையில்தான் விடை கிடைத்தது. பிங் என்னும் சிறு சோதனைக்குத் தளம் உடனே மறுமொழி அனுப்பியது; ஆனால் பக்கம் மட்டும் வெள்ளையாகவே சுழன்றுகொண்டிருந்தது. இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகச் செல்கிறது; அவற்றில் சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்ற எண்ணம் தோன்றியதும், துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் 1472 பைட் அளவில் பிங் அனுப்பினேன், மறுமொழி இல்லை. 1464க்குக் குறைத்ததும் வந்துவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் முகவரி முதலிய விவரம் தாங்கும் தலைப்புக்கு 28 பைட் சேர்த்தால் முதலாவது 1500, இரண்டாவது 1492. அத்தையின் வீட்டை இணைய நிறுவனத்தோடு இணைக்கும் பிபிபிஓஇ என்ற முறை 8 பைட்டை எடுத்துக்கொள்வதால், 1492க்கு மேற்பட்ட பொட்டலம் உள்ளே வர இயலாது. புதிதாக மாற்றிய ரூட்டரோ பொட்டலத்தின் உச்ச அளவை 1500 என்றே வைத்திருந்தது. தள உரிமையாளரின் பாதுகாப்பு அரண் (ஃபயர்வால்), "பொட்டலம் பெரிது, சிறிதாக்கு" என்ற அறிவிப்பையும் தடுத்துவிட்டதால், சேவையகம் தன் பாதுகாப்புச் சான்றிதழைப் பெரிய பொட்டலங்களிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அவை வாசலிலேயே விழுந்துவிட்டன. ரூட்டரின் அமைப்பில் 1500ஐ 1492 ஆக்கினேன். பக்கம் விரிந்ததும், அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவாக இருக்காது. ஐபி நான்காம் பதிப்பில் சுமார் 429 கோடி முகவரிகளே உள்ளன; ஆப்பிரிக்காவுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்கும் ஆஃப்ரினிக் நம் எபேனில்தான் இருக்கிறது. முகவரிகள் பற்றாததால் பல இணைய நிறுவனங்கள், வெளியே தளங்களுக்குத் தெரியும் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்குகின்றன. அவற்றில் யாரோ ஒருவருடைய கணினி தொல்லை கொடுத்தாலும், தளம் அந்த முகவரியைத் தடுத்துவிட, குற்றமற்ற அண்டை வீடுகளும் வெளியே நிற்கும். இது உங்கள் கையில் தீராது. நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும்.

அழைப்பதற்கு முன் நேரம், தளத்தின் பெயர், உங்கள் வெளிமுகவரி, மொபைல் டேட்டாவில் திறக்கிறதா என்பது, பொட்டலம் செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் சோதனை எந்த இடம் வரை சென்றது என்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே "இணையம் வரவில்லை" என்றால், ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லி அழைப்பை முடித்துவிடுவார்கள். வணக்கம்.