எனக்கு எது முக்கியம்?

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டால், இந்த அரங்கில் யாரும் அதிகம் யோசிக்க மாட்டீர்கள். குடும்பம், நேர்மை, உடம்பு, நிம்மதி என்று பதில் வந்துவிடும். அதில் பொய் இல்லை, மனதார நம்பித்தான் சொல்வீர்கள். சரி, இன்னொரு கேள்வி. போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை உங்கள் நேரம் எங்கே போனது? யாரிடம் 'சரி' என்றீர்கள், யாரிடம் 'அப்புறம் பார்க்கலாம்' என்றீர்கள்? இந்தப் பதிலையும் எழுதி, முதல் பதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறவர்கள் குறைவு. அந்த இடைவெளியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

புத்தகத்தில் இதற்கு விழுமியம் என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'எனக்கு இது முக்கியம்' என்போம், 'இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்போம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த விளக்கம். விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒரு நேரம் வந்து நின்றால்தானே, எதை விட மாட்டோம் என்று நமக்கே தெரிகிறது?

மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1973-இல் விரிவாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்டவை 36 சொற்கள். அவற்றில் 18, நாம் போய்ச் சேர விரும்பும் நிலைகள்: சுதந்திரம், குடும்பப் பாதுகாப்பு, மன அமைதி போன்றவை. மீதி 18, நடந்துகொள்ளும் விதங்கள்: நேர்மை, துணிவு, பொறுப்பு, அன்பு இப்படி. ஒவ்வொன்றுக்கும் மார்க் போடச் சொல்லியிருந்தால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அள்ளிப் போட்டிருப்பார்கள். அவர் வரிசைப்படுத்தச் சொன்னார். அவருடைய படிவங்களில் ஒன்றில், ஒட்டிய சொல்லைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டவும் முடியும். மனம் மாறும் என்று தெரிந்தே அப்படிச் செய்திருக்கிறார்.

நான் நடத்தும் வகுப்புகளில் சாதாரணத் துண்டுச் சீட்டுகள்தான். பத்து சீட்டு, பத்து சொல். ஐந்தைக் கீழே வையுங்கள் என்றால் கடகடவென்று வைத்துவிடுவார்கள். அப்புறம் மூன்று இருக்கட்டும், அப்புறம் இரண்டு. அங்கே அறையில் சத்தம் நின்றுபோகும். ஒருமுறை ஒரு பெண் கையில் 'சுதந்திரம்', 'குடும்பப் பாதுகாப்பு' என்ற இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். அவர் கட்டைவிரல் ஒரு சீட்டின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாகவே இருந்தது. கடைசியில் நிமிர்ந்து, "இதை நான் எடுத்தேனா, எனக்குக் கொடுத்தாங்களான்னு தெரியல" என்றார்.

பயிற்சியில் எனக்கு அதைவிடப் பெரிய பதில் கிடைத்ததில்லை. நம்மிடம் இருப்பவற்றில் பாதி, பெற்றோரும் ஆசிரியர்களும் பயமும் கொடுத்தவை. கொடுக்கப்பட்டது என்பதாலேயே அது தப்பு என்று ஆகாது. வாங்கியதை ஒருமுறை பிரித்துப் பார்த்து, 'ஆமாம், இது எனக்கும் வேண்டும்' என்று சொல்லியிருக்கிறோமா என்பதுதான் விஷயம். நான் வைத்திருக்கும் சோதனை இது: யாருக்குமே தெரியாது, யாரும் பாராட்டப்போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா? செய்வேன் என்றால் அது என்னுடையது.

பத்தும் முக்கியம்தானே, ஏன் கீழே வைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் பல நாடுகளில் கேட்டு, 1992-இல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை நம்மை ஆளுக்கொரு திசையில் இழுக்கும். சாதனை ஒரு பக்கம், அடுத்தவர் நலம் எதிர்ப்பக்கம். புதுமைத் தேடல் ஒரு பக்கம், பாதுகாப்பு எதிர்ப்பக்கம். கெட்டதையும் நல்லதையும் பிரிப்பது சுலபம். இரண்டு நல்லது மோதும்போதுதான் ராத்திரித் தூக்கம் போகிறது. அப்படித் தூக்கம் போன ராத்திரிகளை எண்ணிப் பாருங்கள், உங்கள் விழுமியங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதேபோல உங்கள் கோபத்தையும் கவனியுங்கள். ஒருவர் தாமதமாக வந்தால் எரிச்சல்படாத நீங்கள், ஒருவர் இன்னொருவரை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டும்போது கொதித்துப்போகிறீர்களா? மரியாதை என்ற சீட்டு உங்கள் கையில் இருக்கிறது.

இலக்கை விழுமியம் என்று நினைத்துக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. ஸ்டீவன் ஹேஸ் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் உருவாக்கிய சிகிச்சை முறையில், விழுமியத்தைத் திசை என்பார்கள். மேற்கே நடக்கலாம், எவ்வளவு நடந்தாலும் மேற்கு தீராது. பட்டம் வாங்குவது இலக்கு, வாங்கியதும் முடிந்தது. கற்றுக்கொண்டே இருப்பது திசை. பட்டம் கிடைக்காமல் போனவருக்கும் நாளைக் காலையில் அந்தத் திசை திறந்துதான் இருக்கும்.

இனி, தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? இங்கே ஒரு சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு செய்து, 1973-இல் வெளியிட்டது. ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சின்ன உரை ஒன்று நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். போகும் சந்தில் ஒரு வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து, கண்மூடி, இருமி முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏற்பாடு செய்து உட்காரவைத்த ஆள். யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை.

தலைப்பு என்னவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது அவசரம். 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். 'இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்' என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். 'ஏற்கெனவே தாமதம், உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று சொல்லப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களே அந்த ஆளைத் தாண்டிக் கால் வைத்துப் போனதும் நடந்தது.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிற்காமல் போன சிலர், போய்ச் சேர்ந்தபோது பதற்றமாக இருந்ததாக ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உள்ளே அந்தச் சீட்டு இருந்தது, எடுத்துப் பார்க்க நேரம் இல்லை. இதைப் படித்த பிறகு, விழுமியத்தின்படி வாழ்வது என்றால் முதல் வேலை மன உறுதியை வளர்ப்பது என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். முதல் வேலை, நாளில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கால் மணி நேரம். 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற ஒரு வாக்கியம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் சீட்டு எப்போதும் குடும்பம்தான். அம்மா போன் செய்தால் முதல் வார்த்தை, "வேலையா இருக்கியாப்பா? அப்புறம் பேசட்டுமா?" என்றுதான் வரும். ஒருநாள், அம்மா எப்போதிலிருந்து இப்படி ஆரம்பிக்கிறார் என்று யோசித்தேன். முன்னெல்லாம் "சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார். எத்தனை முறை நான் அவசரமாகப் பேசி வைத்திருந்தால் ஒரு தாய் தன் முதல் வார்த்தையை மாற்றிக்கொண்டிருப்பார்?

அதன்பின் இரவு எட்டு மணியை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. நானே கூப்பிடுகிறேன். முதல் சில வாரங்கள் அம்மா அதையேதான் கேட்டார். ஒவ்வொரு முறையும், "இல்லைம்மா, சும்மாதான் இருக்கேன்" என்றேன். பிறகு ஒருநாள் கேட்கவில்லை. எடுத்தவுடனே, "ஜன்னல்ல ஒரு குருவி கூடு கட்டியிருக்குடா, ஒரு பக்கம் மட்டும் சரியாவே நிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.