ஹெரால்டின் அடியில் ஒரு ‘டொக்’

[காட்சி: தெருவில் மெதுவாக வரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்பீடு பிரேக்கரில் கோணலாக ஏறி இறங்குகிறது.]

[ஒலி: டொக்… டொக்.]

வணக்கம். கேட்டதா? இன்னொரு தரம் ஓடவிடுகிறேன், ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

[ஒலி: டொக்… டொக்.]

சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் வரை பிரித்து, துருவெல்லாம் வெட்டி, பெயின்ட் அடித்து, புது ரப்பர் போட்டு மாட்டிய வண்டி இது. முதல் நாள் ரோட்டில் இறக்கியதும் இந்தச் சத்தம். டிரைவர் சீட்டுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பிரித்து மாட்டியவன் நான் என்பதால் வேறு யாரையும் திட்டவும் முடியாது.

[காட்சி: வண்டியின் பக்கவாட்டுத் தோற்றம். போனட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்கிறது.]

சத்தத்துக்குப் போகும் முன் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1959-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரியிலிருந்து ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார். உருவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலொட்டி. நம்மூரில் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. என்னுடையதும் அதுதான்.

அந்தக் காலத்திலேயே பெரும்பாலான கம்பெனிகள் பாடியையும் சேசிஸையும் ஒன்றாக வெல்ட் செய்ய ஆரம்பித்துவிட்டன. ஹெரால்டோ தனி சேசிஸ், தனி பாடி. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டு இணைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டில் கூரையைக்கூட போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

[காட்சி: வண்டியின் அடிப்பகுதி. கேமரா பின் ஆக்சிலை நோக்கி நகர்கிறது.]

இப்போது என் முட்டாள்தனம். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று தோன்றியதும் நேராக ஆக்சில் கிராஸ் மேல், அதாவது ஆக்சில் மடங்கிச் சுற்ற உதவும் மூட்டின் மேல் சந்தேகம் வைத்தேன். இந்த வண்டியில் கிரவுன், அதாவது பின் சக்கரங்களைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டி, சேசிஸோடு நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஆக்சில், உள்முனையில் ஒரு கிராஸ். சக்கரம் மேலும் கீழும் போக ஆக்சிலே ஊஞ்சல் மாதிரி ஆடும். கிராஸ் தேய்ந்தால் டக்கென்று சத்தம் வரும் என்பது உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டையும் மாற்றினேன். திங்கள் காலை வண்டியை எடுத்தேன்.

[ஒலி: டொக்.]

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் வண்டிக்கு அடியில்கூட எட்டிப் பார்க்கவில்லை. “எங்க வருதுன்னு சொல்றத விடு தம்பி. எப்ப வருது? எழுதிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல். முன்னால் தட்டினாலும் சேசிஸ் முழுக்க ஒரே நேரத்தில் ஒலிக்கிற மாதிரிதான். அதிலும் தகரத் தரை, பெரிய தகரம் எதுவோ அதுதான் அதிகம் அதிரும். சீட்டில் உட்கார்ந்து காதால் இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

[காட்சி: எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்ன நோட்டு. பென்சில் எழுத்து.]

இதுதான் என் நோட்டு. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், சத்தம் இல்லை. அப்படியென்றால் இன்ஜின் மவுன்ட்டிங், சைலன்சர் இடிப்பது போன்றவை பெரும்பாலும் கழிந்தன. ஓடும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டுப் பார்த்தேன். இல்லை. ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியர். அப்போதும் இல்லை. கிராஸ் தேய்ந்திருந்தால் இந்த இரண்டிலும் கட்டாயம் காட்டிக்கொடுத்திருக்கும். ஐந்து நிமிட சோதனை, அதைச் செய்யாமல் ஒரு ஞாயிறு போனது.

வேகத்தோடு கூடவில்லை, அதனால் பேரிங் இல்லை. பேரிங் தட்டாது, ஊளையிடும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் இல்லை. அது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதில் கோளாறு என்றால் ஒற்றை டொக் வராது, உடம்பு நடுங்குகிற அதிர்வு வரும்.

அப்புறம் ஸ்பீடு பிரேக்கர். நேராக ஏறினால் ஸ்பிரிங் பட்டை நன்றாக அமுங்கி விரிகிறது, சத்தமே இல்லை. கோணலாக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி போனால் டொக். வீட்டு கேட் சரிவில் திரும்பி ஏறினாலும் டொக்.

நேராகப் போனால் நான்கு சக்கரமும் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். கோணலாகப் போனால் ஒரு மூலை தூக்கி, எதிர் மூலை தாழ்ந்து, சேசிஸே லேசாக முறுக்கும், துணி பிழிகிற மாதிரி. சேசிஸ் முறுக்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாடியும் சேர்ந்து போக வேண்டும். போகவில்லை என்றால்? பாடியைச் சேசிஸோடு இணைக்கும் போல்ட்கள்தான் சந்தேகம்.

[காட்சி: ஜாக்கியில் ஒரு பின் மூலை தூக்கப்படுகிறது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு.]

ஒரு மூலையை மட்டும் தூக்கி வண்டியை முறுக்கிவிட்டேன். தயவுசெய்து வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் போங்கள். தம்பி மேலே ஏறி ஆட்ட, நான் ஒவ்வொரு மவுன்ட்டிங்கிலும், அதாவது பாடி ரப்பர் வைத்துச் சேசிஸில் போல்ட் ஆகும் இடத்திலும், பாதி விரல் பாடியிலும் பாதி விரல் சேசிஸிலுமாக வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது இடத்தில், காதுக்குக் கேட்கும் முன் விரலுக்குத் தெரிந்தது. சின்னத் துள்ளல்.

[காட்சி: மிக நெருக்கத்தில் ஒரு போல்ட் தலை. வாஷரைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி.]

இந்தப் பொடியைப் பாருங்கள். மண் இல்லை. இரும்பும் இரும்பும் உரசி விழுந்த துரு, மஞ்சள் தூளை விட மென்மை. புது பெயின்ட் வண்டியில் வாஷர் ஓரத்தில் இது இருந்தால் அங்கே ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு சுலபமாக உள்ளே போய் வந்தது.

ஆனால் போல்ட் டைட்! குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தால் அழகாக ‘க்ளிக்’ என்கிறது. மாட்டும்போதும் அப்படித்தான் க்ளிக் என்றது, அதை நம்பித்தான் அடுத்த போல்ட்டுக்குப் போனேன்.

கழற்றினேன். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும், துரு பிடித்திருந்த இரும்புக் கையை வெட்டிப் புதிதாகச் செய்தபோது அங்கே ஒரு நட்டை வெல்ட் செய்திருந்தோம். அதன் பிறகு பெயின்ட். ஸ்ப்ரே நட்டுக்குள்ளும் போய், மரை முழுக்க கெட்டியாகப் படிந்துவிட்டது. போல்ட் பாதியில் பெயின்ட்டில் சிக்கி நின்றிருக்கிறது. ரெஞ்ச் அளந்தது பெயின்ட்டின் பிடியை. பாடியை யாரும் அழுத்தவே இல்லை.

[காட்சி: மரை வெட்டும் கருவியான டேப் உள்ளே போகிறது. கருப்பு பெயின்ட் சுருள் சுருளாக வெளியே வருகிறது.]

டேப் போட்டு மரையைச் சுத்தம் செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த போல்ட் அங்குல அளவு, 5/16 யூ.என்.எஃப். என்ற நெருக்கமான மரை வகை. விட்டம் 7.94 மில்லிமீட்டர். கையில் 8 மில்லிமீட்டர் எம்8 டேப் இருந்தால் ‘கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று தோன்றும். மரையின் இடைவெளி வேறு. ஒரு சுற்றில் நட் பாழ்.

புது ரப்பர், புது வாஷர். இந்தத் தடவை போல்ட்டை முதலில் வெறும் கையால் கடைசி வரை சுற்றிப் பார்த்தேன். கையால் போகவில்லை என்றால் ஸ்பானரைத் தொடவே இல்லை.

[காட்சி: அதே ஸ்பீடு பிரேக்கர். அதே கோணல்.]

[ஒலி: டயர் உரசல். வேறு எதுவும் இல்லை.]

மற்ற மவுன்ட்டிங்குகளையும் கழற்றிப் பார்த்ததில் இன்னும் இரண்டில் அதே பெயின்ட். அவை இன்னும் தட்ட ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று பார்த்தேன். இரண்டு போல்ட் கால் சுற்று ஏறின. வாஷர் ஓரத்தில் பொடி இல்லை.