அம்மம்மாவின் சமையல் கொப்பியை வாசிப்பது எப்படி?

[காட்சி: கோடு போட்ட பழைய கொப்பி. மஞ்சள் கறை படிந்த ஒரு பக்கம், மிக அருகில். குரல் அந்த வரிகளை வாசிக்கிறது.]

தொதல். பச்சையரிசி 2 சுண்டு. தேங்காய் 5. சர்க்கரை 2 இறாத்தல். கஜு, ஏலம் அளவாக. கிண்டி இறக்கவும்.

தொதல் என்ற அரிசிமா இனிப்புக்கு அவ்வளவுதான் குறிப்பு. திருகோணமலை வீட்டு அலுமாரிகளில், காணி உறுதிக்கும் கல்யாண அல்பத்துக்கும் இடையில், இப்படிப்பட்ட பக்கங்கள் இன்னும் கிடக்கின்றன. ‘கிண்டி இறக்கவும்’ என்று இரண்டே சொற்கள். அவற்றுக்குள் மணிக்கணக்கான வேலையும் ஒரு கட்டு விறகும் இரண்டு பேருடைய தோள்வலியும் ஒளிந்திருக்கின்றன. இந்தக் குறிப்பை மட்டும் நம்பி அடுப்பைப் பற்றவைக்கும் பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது இனிப்புக் கஞ்சி.

குற்றம் எழுதியவருடையது அல்ல. அவர் நமக்காக எழுதவில்லை. அதே குசினியில், பக்கத்திலேயே இருந்து தேங்காய் திருவிய மகளுக்காக எழுதினார். அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுவானேன்?

[காட்சி: பக்கங்கள் புரளுகின்றன.]

எந்தக் கொப்பியானாலும் முதலில் ஒரு தடவை முழுவதையும் புரட்டுங்கள். சமைக்க அவசரப்பட வேண்டாம். எந்தெந்தச் சமையல் இருக்கிறது, எது இல்லை என்று மட்டும் பாருங்கள்.

கேக் இருக்கும். அதுவும் அவுன்ஸ் கணக்கில், வெகு துல்லியமாக. ரவை, கஜு, ரோஜாப் பன்னீர், முட்டை மஞ்சட்கரு எல்லாம் சேர்ந்த லவ் கேக் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். போர்த்துக்கேயப் பறங்கியர் வாழும் ஊர் இது. பிரித்தானியக் கடற்படையும் 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. வட்டிலப்பம் இருக்கும். ஊறுகாய், அரியதரம், பயத்தம் பணியாரம் இருக்கும். சொதி இருக்காது. புட்டு இருக்காது. சூடை மீன் குழம்பு இருக்கவே இருக்காது.

ஏனென்றால், மறந்துபோகக்கூடியதை மட்டுமே அவர்கள் எழுதிவைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை செய்வது, அயல்வீட்டில் கேட்டு வந்தது, வெளியாரிடம் பழகியது, இவை கொப்பிக்குள் போயின. தினமும் செய்தது கையிலேயே நின்றுவிட்டது. ஆகவே, கொப்பியை மீட்டெடுத்தால் குடும்பத்தின் சமையலை மீட்டெடுத்துவிட்டோம் என்று எண்ணக்கூடாது. பாதி வேலை கொப்பிக்கு வெளியே கிடக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

[காட்சி: ஜன்னலோர மேசை. பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புக் காகிதம் செருகப்படுகிறது.]

இப்போது தாள். எண்ணெய் பட்ட தாள் ஒளியை ஊடுருவ விடும். மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்து கண்ணைக் குழப்பும். பக்கத்தின் அடியில் கறுப்புக் காகிதம் ஒன்றை வையுங்கள், மறுபக்கத்து எழுத்து அடங்கிவிடும். நேர்வெயில் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். பென்சிலால் எழுதியது மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். பென்சில் அழிந்தாலும் அது அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லமினேட் செய்வது அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று கடையில் கொடுத்து லமினேட் செய்த கொப்பிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இது கடலோர ஊர். மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கினால் தை மாதம் வரை சுவரே வியர்க்கும். கொப்பி நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை மங்கும். பக்கங்களுக்கு இடையே உறிஞ்சும் வெள்ளைத் தாள் வைத்து, காற்றாடிக்குக் கீழே ஆறவிடுங்கள். உடனே செய்ய நேரமில்லையென்றால், பொலித்தீன் பையில் சுற்றி பிரீஸரில் வைக்கலாம். நனைந்த ஆவணங்களைப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்க ஆவணக் காப்பாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

[காட்சி: திரையில் பெரிதாக ‘௸’ என்ற குறி.]

எழுத்தை வாசிப்பதில் சில முடிச்சுகள் உண்டு. இந்தக் குறி ‘மேற்படி’. ‘சீனி 1 இறாத்தல், ௸ மா’ என்றிருந்தால் மாவும் ஒரு இறாத்தல். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களின் ணை, லை, னை, றா, னா வேறு உருவில் இருக்கும். மிகப் பழைய கொப்பியில், எண்ணை ஒட்டி ஒரு ‘வ’ நின்றால் அது கால். ‘எட்டேகால் லட்சணம்’ என்று யாரையாவது கேலி செய்வதைக் கேட்டிருப்பீர்களே, அந்தக் கால்தான்.

[காட்சி: தராசு. டின்பால் பேணி நிறைய அரிசி.]

அளவுகள். இறாத்தல் என்றால் 454 கிராம், அவுன்ஸ் 28 கிராம், போத்தல் ஏறத்தாழ 750 மில்லிலீற்றர். இவை சுலபம். சுண்டுதான் வீட்டுக்கு வீடு மாறும். பல வீடுகளில் டின்பால் பேணியே சுண்டு. அதில் அரிசியைத் தலைதட்டி நிறுத்தால் கால் கிலோவை ஒட்டி வரும். உங்கள் வீட்டுச் சுண்டு எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பேணியே கிடைத்தால் அதிர்ஷ்டம். நிறுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘10 சதத்துக்குக் கறுவா’ என்று விலையையே அளவாக எழுதியவர்களும் உண்டு. அந்த இடத்தில் நாக்கைத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் அந்த வரியை அழிக்காதீர்கள். கொப்பி எந்தக் காலத்தது என்று சொல்ல வேறு சாட்சி கிடைக்காமல் போகலாம்.

அளவைவிடப் பெரிய பொறி பொருளில் இருக்கிறது. ‘தூள் 3 கரண்டி’ என்றால் வெறும் மிளகாய்த்தூள் அல்ல. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்த வீட்டுத் தூள். கடையில் வாங்கிய தனி மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால், சாப்பிடுகிறவர் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடுவார். ‘புளி’ பழப்புளியா, கொறுக்காயா, தேசிக்காயா என்பதைக் கறியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நமது சர்க்கரை வெல்லம் சேர்ந்த இனத்தது. சென்னைக் காணொளிகளில் வரும் சர்க்கரை நமது சீனி. தொதலுக்குச் சீனி போட்டால் நிறமும் வராது, மணமும் வராது.

கேக் குறிப்புகளில் நெருப்பைப் பற்றி ஒன்றுமே இருக்காது, அல்லது ‘மேல்நெருப்பு கீழ்நெருப்பு’ என்றிருக்கும். சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்த காலம் அது. இன்றைய அவனில் லவ் கேக்குக்கு 150 முதல் 160 பாகை செல்சியஸில் தொடங்கிப் பாருங்கள்.

[காட்சி: தாச்சி. தேங்காய்ப்பாலில் மா கரைகிறது. இந்தப் பகுதியை வெட்டாமல், மெதுவாகக் காட்டவும்.]

இனி தொதலுக்கு வருவோம். அரிசியை ஊறவைத்து இடித்து அரித்து, அந்த மாவைக் கப்பிப்பாலில் (முதற்பால் பிழிந்த பின் எடுக்கும் நீர்த்த தேங்காய்ப்பாலில்) கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். சர்க்கரையைத் தனியாகக் கரைத்து வடிக்க வேண்டும், அதில் மண்ணும் தும்பும் இருக்கும். இரண்டையும் சேர்த்து அடுப்பில் வைத்து, முதற்பாலைப் பிறகு சிறிது சிறிதாக விட வேண்டும். கொப்பியில் இவை எதுவும் இல்லை.

தொடக்கத்தில் தாச்சியில் இருப்பது தண்ணீர்தான், கிண்டுவது வீண் வேலைபோலத் தோன்றும். 70 பாகையைத் தாண்டியதும் அரிசி மாவின் மாச்சத்து நீரைக் குடித்து வீங்குகிறது. சில நிமிடங்களில் அகப்பை கனக்கிறது. இந்த இடத்தில் கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும், அந்தப் புகைமணம் கடைசிவரை போகாது. ஆள் மாற்றுவதென்றால், புதியவர் அகப்பையைப் பிடித்த பிறகே பழையவர் விட வேண்டும்.

பிறகு நீர் வற்ற வற்ற, தேங்காய்ப்பாலில் கலந்திருந்த எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கக்கத் தொடங்கும். பயந்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள், தொதல் உருவாவதே இப்போதுதான். எண்ணெயை அகப்பையால் வழித்து எடுத்துவிட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள். நிறம் கறுக்கும். தாச்சியின் ஓரத்தை விட்டு எல்லாம் ஒன்றாகச் சுருண்டு வரும். ஒரு துளியை எடுத்து விரலால் அழுத்தினால் ஒட்டக்கூடாது. அப்போது கஜுவும் ஏலமும் போட்டு, தட்டில் கொட்டி அழுத்தி, நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள்.

[காட்சி: முதிய கைகள் சட்டிக்குள் உப்புப் போடுகின்றன. உப்புப் போத்தல் தராசின் மேல்.]

இதையெல்லாம் யார் சொல்வார்? செய்து பழகிய பெரியம்மா ஒருவர், மாமி ஒருவர், எங்காவது இருப்பார். உப்புவெளியில் இல்லையென்றால் கனடாவின் ஸ்காபரோவில் இருப்பார். அவரிடம் “எவ்வளவு போட வேண்டும்?” என்று கேட்டால் “அளவாகப் போடு பிள்ளை” என்ற பதில்தான் வரும். “போதும் என்று எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். “எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எந்தச் சட்டியில்?” என்று கேளுங்கள். அப்போது பேச்சு வரும்.

அவர் சமைக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, கரண்டியால் அளக்கச் சொல்லாதீர்கள், கைப்பக்குவம் குழம்பிவிடும். உப்புப் போத்தலையும் தூள் பேணியையும் சமையலுக்கு முன் ஒருமுறை நிறுங்கள், சமைத்து முடிந்ததும் இன்னொருமுறை நிறுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுவே அவருடைய கையளவு.

தட்டச்சு செய்யும்போது மூலத்தை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒரு பக்கத்திலும், உங்கள் விளக்கத்தைத் திகதி போட்டு எதிர்ப்பக்கத்திலும் வையுங்கள். இரண்டையும் கலந்தால், எது அம்மம்மா சொன்னது, எது நாம் ஊகித்தது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. பிரதியை வேறு ஊரில், வேறு நாட்டில் உள்ள உறவினருக்கும் அனுப்புங்கள். இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் கண்ட ஊருக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: புதிய கொப்பி, வெற்றுப் பக்கம். அடுப்பில் சொதி.]

கொப்பிக்கு வெளியே கிடக்கும் பாதியை இன்றைய சொதியிலிருந்து தொடங்கலாம். வெண்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் கப்பிப்பாலில் வேகட்டும். முதற்பால் விட்டதும் பொங்கவிடாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே இருந்து, ஒரு கொதி வரும்போது இறக்குங்கள். தேசிப்புளி இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். இது யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றினால், அந்த வரியை முதலில் எழுதுங்கள்.