மாபுங்குப்வே மலை ஏறியாச்சு! ஷூ பிஞ்ச கதையும் பாறைல இருந்த பல்லாங்குழியும்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்காவோட வடக்கு ஓரத்துல, ஒரு பழைய ராஜாங்கம் இருந்த மாபுங்குப்வே மலைக்குப் போயிட்டு வந்தாச்சு. முதல்ல இந்த ஷூவைப் பாருங்க. டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க எதிர்லயே டப்பா பிரிச்சுக் காட்டினேனே, அதே ஷூதான். 1,299 ரேண்ட். மூணே மூணு தடவை போட்டிருக்கேன், மலை பாதி ஏறும்போது வலது கால் சோல் அப்படியே வாயைப் பிளந்துடுச்சு. கடை பேரைச் சொல்லப் போறதில்ல, ஆனா வயிறு எரியுது, அந்தக் காசுல எங்க வீட்டுக்கு ஒரு வாரம் மளிகையே வாங்கியிருக்கலாம். கைட் கீழ இறங்கிடலாமான்னு கேட்டாரு. டர்பன்லேருந்து கிளம்பி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியால மாமா வீட்டுல ஒரு ராத்திரி, வடக்கு எல்லை கிட்ட முசினா ஊர்ல ஒரு ராத்திரின்னு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்துட்டு இறங்குறதா? தலைல இருந்த ரெண்டு ஹேர்பேண்டையும் கழட்டி சோலைச் சுத்திப் போட்டேன், மேல கேமரா பட்டையால ஒரு கட்டு. ஏறிட்டேன்! இறங்குற வரைக்கும் அந்தக் கட்டு அவிழவே இல்ல, அதுல எனக்கு ரொம்ப பெருமை.

சரி, மலைக்கு வரேன். போன வீடியோல கோட்டைக்குப் போறேன்னு சொன்னதுக்கு கமெண்ட்ல சிலபேரு "அங்க என்ன இருக்கு, வெறும் பாறைதானே, சுவரே இல்லாம என்ன கோட்டை"ன்னு கேட்டிருந்தீங்க. அது எனக்குப் பிடிக்கல, நேராவே சொல்லிடறேன். அந்த மலையேதாங்க சுவர். முப்பது மீட்டர் உயரம், நாலு பக்கமும் செங்குத்தான மணற்பாறை, மேல தட்டையா முன்னூறு மீட்டர் நீளம். ராஜா மேல, ஜனங்க கீழ. கிட்டத்தட்ட 1220லேருந்து 1290 வரைக்கும் இங்க ராஜாங்கம் நடந்திருக்கு, ஊர்ல அஞ்சாயிரம் பேரு இருந்திருக்காங்க. நமக்கு இப்ப மரப்படி போட்டிருக்காங்க. அவங்க ஏறினது பாறை இடுக்குல, ரெண்டு பக்கமும் ஓட்டை குடைஞ்சு கட்டைய சொருகி ஏறியிருக்காங்க. அந்த ஓட்டைங்க இன்னும் இருக்கு, நான் விரலை விட்டுப் பாத்தேன்.

மேல நின்னா லிம்போபோ ஆறும் ஷாஷே ஆறும் சேர்ற பக்கம் தெரியுது, அந்தாண்ட போட்ஸ்வானா, ஜிம்பாப்வே. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில்.

அட, முக்கியமானதை விட்டுட்டேன், தங்கம்! 1932ல ஒரு அப்பாவும் மகனும் இன்னும் சிலரும் இந்த மலை மேல ஏறி கல்லறைல தங்கத்தைக் கண்டெடுத்தாங்க. சின்னதா ஒரு தங்க காண்டாமிருகம், மரத்துல செஞ்சு மேல தங்கத் தகடு வச்சு குட்டி குட்டி ஆணி அடிச்சது, மரம் மக்கிப் போயி தகடு மட்டும் மிஞ்சியிருக்கு. அது பிரிட்டோரியா யுனிவர்சிட்டில இருக்கு. இவ்வளவு பெரிய விஷயம், அபார்தைட்ங்கற வெள்ளைக்கார நிறவெறி ஆட்சி காலத்துல வெளில பெருசா பேசவே இல்ல. வெள்ளைக்காரங்க வரும்போது இது காலி நிலம்னு கதை சொல்லிட்டிருந்தாங்க இல்லையா, அதுக்கு இது ஒத்து வராது. எங்க அம்மா படிச்ச ஸ்கூல் புத்தகத்துல ஒரு வரி கூட கிடையாது. 2003லதான் யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்ததே இதுதான். பாசிமணி. அந்தக் கல்லறைங்கள்ல ஆயிரக்கணக்குல கண்ணாடி மணி கிடைச்சிருக்கு, இந்தியப் பெருங்கடல் தாண்டி வந்த மணிங்க. இங்கேருந்து தங்கமும் யானைத் தந்தமும் கிழக்குக் கடற்கரைக்குப் போச்சு, அங்கேருந்து மணியும் துணியும் உள்ள வந்துச்சு. இவங்களுக்கு முன்னாடி கே2ன்னு பக்கத்துலயே ஒரு ஊர் இருந்துச்சு, அங்க வந்த மணிய உருக்கி களிமண் அச்சுல ஊத்தி பெரிய மணியா செஞ்சிருக்காங்க. தென்னாப்பிரிக்கா இந்தியர்கள் நம்ம கதைய நாம எப்பவும் எங்கேருந்து ஆரம்பிப்போம்? 1860, மெட்ராஸ்லேருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிங்கள ஏத்திட்டு டர்பனுக்கு வந்த முதல் கப்பல் ட்ரூரோ, 342 பேரு, நவம்பர் 16. அதுக்கு அறுநூறு வருஷம் முன்னாடியே அந்தக் கடல்ல போக்குவரத்து இருந்திருக்குன்னு மியூசியத்துல அந்த மணிங்க முன்னாடி நின்னப்பதான் மனசுல ஏறுச்சு. நகரவே முடியல எனக்கு.

ஆ, அந்த மியூசியம் கட்டடத்தையும் பாத்துட்டு வாங்க, அந்த ஊர் மண்ணுலயே ஓடு செஞ்சு கட்டின வளைவு வளைவான கூரை, 2009ல உலக அளவுல பரிசு வாங்கினது.

இன்னொண்ணு. மலை உச்சில பாறைலயே வரிசை வரிசையா குழி வெட்டியிருக்காங்க. கைட் அது விளையாட்டுக் குழின்னு சொல்லி முடிக்கல, நான் "பல்லாங்குழி!"ன்னு கத்திட்டேன். அவங்க ஆட்டம் வேற மாதிரியாம், வரிசை கூடவாம், ஆனா குழில காய் போட்டு எண்ணி எடுக்கறது அதே ஜாதிதான். இறங்கினதும் டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கற ஆயாவுக்கு போட்டோ அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன். வெயிலும் கேக்கல, ஷூவும் கேக்கல. "புளியங்கொட்டை எடுத்துட்டுப் போனியா?"