204 என்ற ஒரு பைட்

வணக்கம், நேயர்களே. கணினியில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த நிரல் திடீரென்று மூடிக்கொள்கிறது. பக்கத்தில் ஓடும் பாட்டு மட்டும் நிற்பதில்லை. பாட்டு ஏன் நிற்கவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நாம் கருவறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. அர்ச்சனைத் தட்டைக் குருக்களிடம் நீட்டுகிறோம். புராசசருக்குள்ளும், அதாவது கட்டளைகளை இயக்கும் சில்லுக்குள்ளும், அதே ஏற்பாடுதான். இங்கே பினாங்கில், பாயான் லெப்பாசில் ஆலை வைத்திருக்கும் இன்டெல், 1982இல் வெளியிட்ட 80286 சில்லில் 0 முதல் 3 வரை நான்கு அதிகாரப் படிகளை வைத்தது. விண்டோசுக்கும் லினக்சுக்கும் இரண்டே போதுமாக இருந்தது. முழு அதிகாரமுள்ள 0இல் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி; அதுதான் இங்கே குருக்கள். அதிகாரம் குறைந்த 3இல் நம் நிரல்கள்.

மூன்றாம் படிக்காரர் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால், புராசசர் அந்தக் கட்டளையை முடிக்காமல் எக்செப்ஷன், அதாவது 'இதைக் கவனி' என்ற அவசரச் சேதி, எழுப்பிக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. தவறு செய்த நிரலைக் கெர்னல் மூடுகிறது. பாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இனி டிபக்கர், அதாவது பிழை தேடும் கருவி. பயில வரும் பிள்ளைகள் பலர் அதைச் சர்வ வல்லமை படைத்ததாக நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அதுவும் மூன்றாம் படிக்காரர்தான். இன்னொரு நிரலின் நினைவகத்தை எட்டிப் பார்ப்பதற்கும் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. 'இந்த வரியில் நிறுத்து' என்று சொன்னால், டிபக்கர் அந்தக் கட்டளையின் முதல் பைட்டை, அதாவது நினைவகத்தில் ஓர் எண் அளவே உள்ள சிறு துண்டை, எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 204 என்ற எண்ணை எழுதச் செய்கிறது. புராசசருக்கு 204 என்றால் 'இங்கே நில்' என்ற ஆணை. புராசசர் அங்கு வந்ததும் எக்செப்ஷன் எழும்; கெர்னல் நிரலை நிறுத்தி டிபக்கருக்குச் சொல்லும்.

ஏன் ஒரே பைட்? இன்டெல் கட்டளைகள் ஒரு பைட்டிலும் உண்டு, 15 பைட்டிலும் உண்டு. இரண்டு பைட் ஆணையை ஒரு பைட் கட்டளையின் மேல் எழுதினால் அடுத்த கட்டளையின் தலையும் போய்விடும். வேறெங்கிருந்தோ நேரே அங்கே தாவி வரும் நிரல் குப்பையை இயக்கும். ஒரு பைட் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. யார் யோசித்தாரோ, கையெடுத்துக் கும்பிடலாம்!

வேலை அத்தோடு முடியவில்லை. 204ஐத் தாண்டி நிற்கும் புராசசரை ஒரு பைட் பின்னுக்கு இழுத்து, பழைய பைட்டைத் திரும்ப வைத்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, மறுபடி 204ஐ எழுத வேண்டும். நீங்கள் 'தொடர்க' பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் நடக்கிறது.

விண்டோசில் எக்செப்ஷன் சேதி முதலில் டிபக்கருக்குத்தான் போகும், பிறகே நிரலுக்கு. நிரல் சமாளிக்காவிட்டால் மறுபடி டிபக்கருக்கு வரும். முதல் சேதிக்கே பதறாதீர்கள்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கெர்னலிலேயே பிழை தேடுவது பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: கெர்னலை நிறுத்திவிட்டால் டிபக்கருக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை. அதனால் பெரும்பாலும் இன்னொரு கணினியில் டிபக்கரை வைத்து, கம்பிவழி இணைத்துப் பார்ப்போம். மீதி இன்னொரு நாள். நன்றி, வணக்கம்.